கணினி இசைத்தாளில் சுரங்களின் கால அளவு: எண்ணிலிருந்து எழுத்துக்கு

மேலை இசையைத் தாளில் எழுதும்போது, ஒரு சுரம் ஐந்து கோடுகளில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதன் உயரத்தைச் சொல்கிறது. அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை அந்தச் சுரத்தின் வடிவம் சொல்கிறது. இந்த வடிவங்களைக் கையால் எழுதியோரும் அச்சிட்டோரும் ஏறத்தாழ 700 ஆண்டுகளாக வகுத்து வந்தனர். 1960களிலிருந்து அந்தப் பணி சிறிது சிறிதாகக் கணினி மென்பொருள்களின் கைக்கு மாறியது.

கணினி கால அளவை எண்ணாக அறியும். தாள் அதை எழுத்தாகக் கேட்கும். எண்ணை எழுத்தாக மாற்றுவது எளிய கணக்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரே நீளத்தைப் பல வகையாக எழுதலாம். அவற்றுள் எதைத் தேர்வது என்பது இசையைப் புரிந்துகொண்டவர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை மென்பொருள் எடுப்பதா, மனிதர் எடுப்பதா என்ற கேள்வி இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

தமிழ் இலக்கணத்தோடு ஓர் ஒப்பீடு

தமிழ் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் மாத்திரைக்கு அளவாகக் கூறப்படுகின்றன. 'க' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் சேர்த்தால் 'கா' ஆகி, ஒலிக்கும் நேரம் இரட்டிக்கிறது. இங்கே எழுத்தின் வடிவமே கால அளவைக் காட்டுகிறது.

எழுத்தும் ஒலியும் விலகும் இடங்களும் உண்டு. ஐகாரம் எழுத்தில் நெடில். சொல்லின் சில இடங்களில் அது குறுகி ஒலிக்கிறது. அப்போதும் நாம் எழுத்தை மாற்றுவதில்லை. மாறாக, நெடில் தன் அளவைத் தாண்டி நீளும்போது அளபெடையாக அதன் இனக் குறிலைப் பக்கத்தில் எழுதுகிறோம்: 'ஆஅ'. இரண்டு எழுத்துகள் சேர்ந்து ஒரே தொடர் ஒலியாகின்றன. மேலை இசையில் 'டை' எனப்படும் வளைகோட்டால் இரண்டு சுரங்களைப் பிணைத்து ஒரே ஒலியாக்கும் முறையும் இதே வழிதான். இந்த மூன்று நிலைகளையும், அதாவது வடிவம் காட்டும் அளவு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள விலகல், பிணைத்து எழுதுதல் ஆகியவற்றை, நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருவன எளிதாக விளங்கும்.

சுரங்களின் பெயர்கள்

இன்றைய முறையில் ஒரு முழுச் சுரத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகிறார்கள். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்ற நம் பழைய பின்ன வாய்பாடு இதற்கு அப்படியே பொருந்தும். இக்கட்டுரையில் அந்தப் பெயர்களே பயன்படுகின்றன. இலண்டன் இசைத் தேர்வுகளுக்குப் படிப்போர் இவற்றைச் செமிபிரீவ், மினிம், குரோச்செட், குவேவர், செமிகுவேவர், டெமிசெமிகுவேவர் என்ற பிரித்தானியப் பெயர்களால் அறிந்திருப்பர். அமெரிக்கர்கள் ஜெர்மானிய வழக்கைப் பின்பற்றிப் பின்னப் பெயர்களையே சொல்கிறார்கள்.

முழுச் சுரம் காம்பில்லாத வெற்று வட்டம். அரைச் சுரத்துக்குக் காம்பு உண்டு. கால் சுரத்தின் தலை கருப்பாக நிரப்பப்படும். அரைக்கால் சுரத்தின் காம்பில் ஒரு கொடி, வீசத்துக்கு இரண்டு, அரைவீசத்துக்கு மூன்று. சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் நீளத்தில் பாதி கூடும். இரண்டாம் புள்ளி அந்தப் பாதியில் பாதியைக் கூட்டும். ஒலியில்லாத நேரத்துக்கும் ஒவ்வோர் அளவிலும் தனி ஓய்வுக் குறி உண்டு.

கணினிக்கு முந்தைய வரலாறு

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி அரெட்சோவின் குய்டோ கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையை நிலைநிறுத்தினார். அந்த முறை உயரத்தைக் காட்டியது, நேரத்தைக் காட்டவில்லை. பாரிசின் நோத்ர தாம் பேராலயத்தைச் சார்ந்த இசைஞர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சுரங்களைக் கூட்டாக எழுதும் விதத்தைக் கொண்டு தாள அமைப்பை உணர்த்தினார்கள். அங்கே தனிச் சுரத்தைப் பார்த்து அதன் நீளத்தைச் சொல்ல முடியாது; கூட்டத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

1280ஐ ஒட்டி, கொலோனின் ஃபிராங்கோ எழுதிய இலத்தீன் நூல் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. ஒவ்வொரு சுரத்தின் வடிவமும் அதன் நீளத்தைத் தானே சொல்ல வேண்டும் என்ற கொள்கை அந்நூலில் ஒழுங்குபெற்றது. லாங்கா, பிரீவ், செமிபிரீவ் ஆகியவை அவருடைய முக்கிய வடிவங்கள். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிலிப் த வித்ரியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் புதிய முறை அவற்றுக்குக் கீழே மினிம் என்ற அளவைச் சேர்த்தது. மும்மடிப் பிரிவோடு இருமடிப் பிரிவுக்கும் சம இடம் தந்தது.

பெயர்களின் கதை இங்கே வேடிக்கையாக மாறுகிறது. 'பிரீவ்' என்றால் குறுகியது என்று பொருள். இன்று அது முழுச் சுரத்தைவிட இரு மடங்கு நீளமானது. 'மினிம்' என்றால் மிகச் சிறியது. இன்று அதற்குக் கீழே பல அளவுகள் உண்டு. புதிய சிறு சுரங்கள் வர வர, பழையவை மெதுவாகப் பாடப்பட்டன. ஆகவே எந்தச் சுரத்துக்கும் இத்தனை விநாடி என்ற நிலையான அளவு இருந்ததில்லை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள விகிதமே நிலையானது.

1501இல் வெனிசில் ஓத்தாவியானோ பெத்ருச்சி அச்செழுத்துகளால் பல குரல் இசைத் தொகுப்பை அச்சிட்டார். கோடுகளுக்கும் சுரங்களுக்கும் சொற்களுக்கும் தாள் தனித்தனியே அச்சில் ஏறியது. 1528இல் பாரிசில் பியர் அத்தெஞ்ஞான் ஒரே முறையில் அச்சிடும் வழியைப் பரவலாக்கினார். பின்னர் உலோகத் தகட்டில் சுரங்களை அச்சுளியால் அடித்துச் செதுக்கும் முறை வந்து, 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

செதுக்குவோர் வெறும் நகலெடுப்பவர்கள் அல்லர். அரைச் சுரம் கால் சுரத்தைவிட இரு மடங்கு நீளம். ஆனால் தாளில் அதற்கு இரு மடங்கு இடம் விடமாட்டார்கள். விட்டால் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். ஏறத்தாழ ஒன்றரை மடங்கை ஒட்டிய இடம் விட்டால் கண்ணுக்கு நேர உணர்வும் கிடைக்கும், தாளும் மிச்சமாகும். சிறு சுரங்களின் கொடிகளைச் சேர்த்து ஒரே பட்டையாக எழுதும்போது, தாளத்தின் அடி எங்கே விழுகிறது என்பதைப் பட்டையின் பிரிவு காட்ட வேண்டும். இவற்றில் பலவற்றைத் தொழில் கற்றவர்கள் குருவிடமிருந்து பழகிக்கொண்டார்கள். பின்னாளில் மென்பொருள் எழுதியவர்கள் இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாக விதிகளாக்க வேண்டியிருந்தது.

மனிதர் சொல்ல, கணினி எழுதியது

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் ராபர்ட் பேக்கரும் இசைத் தட்டச்சுப் பொறி ஒன்றைக் கணினியோடு இணைத்து இசைத்தாள் அச்சிட முயன்றனர். அதே பத்தாண்டில் ஸ்டீஃபன் பவர்-மெங்கல்பெர்க் டார்ம்ஸ் என்ற குறிமுறையை வகுத்தார். துளையட்டைகள் வழியாக இசையைக் கணினிக்குள் செலுத்த அது உதவியது. அதில் கால அளவுகள் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளால் குறிக்கப்பட்டன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் லீலண்ட் ஸ்மித் உருவாக்கிய ஸ்கோர், 1970களின் தொடக்கத்திலேயே வரைபொறி வழியாக இசைத்தாள் வரைந்தது. அதில் தரவை உள்ளிடும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் ஒரு பகுதியின் சுர உயரங்கள் அனைத்தையும் தட்டெழுத வேண்டும். அடுத்த சுற்றில் அவற்றின் கால அளவுகளை மட்டும் வரிசையாகத் தர வேண்டும். அழுத்தக் குறிகள், பட்டைகள், வளைகோடுகள் அதன்பின் வரும். உயரமும் காலமும் வேறு வேறு செய்திகள் என்ற தெளிவு இந்த அமைப்பில் இருந்தது. பின்னாளில் தனியாள் கணினிக்கு வந்த ஸ்கோரை, அச்சின் அழகுக்காகப் பல பதிப்பகங்கள் நெடுங்காலம் பயன்படுத்தின.

இந்தக் காலத்து முறைகள் எல்லாவற்றிலும் கால அளவின் எழுத்து வடிவத்தை முடிவு செய்தவர் மனிதரே. "இங்கே கால் சுரம், அதை அடுத்த அரைக்கால் சுரத்தோடு பிணை" என்று அவர் சொல்ல, கணினி வரைந்தது. ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

வாசித்ததை எழுத முயன்ற கணினி

இசைஞர் விசைப்பலகையில் வாசிக்க, கணினி அதைக் கேட்டு எழுதித் தர வேண்டும் என்ற ஆசை விரைவிலேயே எழுந்தது. 1976இல் கிறிஸ்டோபர் லாங்கே-ஹிக்கின்ஸ், வாசித்த மெட்டின் தாள அமைப்பையும் சுர அமைப்பையும் கணினி நிரல் கண்டுபிடிக்கும் வழி பற்றி நேச்சர் இதழில் எழுதினார். மனிதர் வாசிக்கும்போது எந்தச் சுரமும் கணக்குப்படி நீள்வதில்லை. ஆனாலும் கேட்பவர் காதுக்குத் தாளம் தெளிவாகக் கேட்கிறது. காது செய்யும் இந்த வேலையைப் பற்றிய ஆய்வு அது.

1980ஐ ஒட்டி, ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஜான் மேக்ஸ்வெல்லும் செவெரோ ஆர்ன்ஸ்டைனும் மோக்கிங்பேர்ட் என்ற நிரலை உருவாக்கினார்கள். ஆர்ன்ஸ்டைன் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் கருவிகளை உருவாக்கிய பொறியாளர்களில் ஒருவர்; அவருடைய தந்தை லியோ ஆர்ன்ஸ்டைன் பெயர்பெற்ற பியானோ கலைஞர், இசையமைப்பாளர். மோக்கிங்பேர்ட் வாசித்த சுரங்களைத் திரையில் அவை ஒலித்த வரிசையிலும் இடைவெளியிலும் காட்டியது. அவற்றின் கால அளவைத் தானே முடிவு செய்துவிடாமல், பயனர் திரையில் திருத்தி அமைக்க வழிசெய்தது. இசையமைப்பாளருக்கு ஓர் எழுத்தராக இருப்பதே அதன் நோக்கம்.

மிடி: தொடக்கமும் முடிவும் மட்டும்

1983இல் மிடி என்ற பொதுத் தரம் வந்தது. வேறு வேறு நிறுவனங்களின் மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது வழிசெய்தது. ஒரு விசை அழுத்தப்பட்டால் ஒரு செய்தி, விடுபட்டால் மற்றொரு செய்தி. 'கால் சுரம்' என்ற சொல்லுக்கு ஈடான எதுவும் அந்தச் செய்திகளில் இல்லை. 1988இல் வந்த மிடி கோப்புத் தரம், கால் சுரத்தைச் சம நுண்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் இடையில் எத்தனை நுண்பகுதிகள் கடந்தன என்று பதிகிறது. கால் சுரத்துக்கு 96, 480, 960 போன்ற பிரிவுகள் வழக்கத்தில் உள்ளன.

480 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். மாணவி ஒருத்தி ஒரு கால் சுரம் வாசிக்கிறாள். விரல் 7ஆம் நுண்பகுதியில் விசையைத் தொட்டு 431இல் விடுகிறது. கேட்பவர் எவருக்கும் அது கால் சுரந்தான். ஆனால் கால் சுரத்தின் பதினாறில் ஒரு பங்கு வரை, அதாவது 30 நுண்பகுதி வரை, நுட்பமாக எழுதும்படி மென்பொருளை அமைத்திருந்தால் என்ன ஆகும்? தொடக்கம் 0 ஆகவும் முடிவு 420 ஆகவும் சீராக்கப்படும். 420 என்பது 240, 120, 60 ஆகியவற்றின் கூட்டு. ஆக இரட்டைப் புள்ளி வைத்த ஓர் அரைக்கால் சுரம். மிச்சம் 60க்கு ஓர் அரைவீச ஓய்வு. எளிய ஒரு சுரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சுரம், இரண்டு புள்ளிகள், ஓர் ஓய்வுக் குறி. ஒரு பாட்டு முழுவதும் இப்படி எழுதினால் அந்தத் தாளை எவராலும் வாசிக்க முடியாது. வாசித்த மாணவி தன் தாளம்தான் தவறு என்று எண்ணவும் கூடும். தவறு தாளத்தில் இல்லை. கேட்ட அனைத்தையும் எழுத வேண்டும் என்ற கட்டளையில் இருக்கிறது.

காட்சிக்கு மட்டும் சீராக்கல்

இதற்குக் கிடைத்த முதல் தீர்வு, நேரங்களை அருகிலுள்ள ஒழுங்கான புள்ளிக்கு நகர்த்துவது. ஆனால் ஒலியையே அப்படி நகர்த்திவிட்டால் வாசித்தவரின் நெளிவும் நயமும் போய்விடும். 1980களின் இறுதியில் அடாரி கணினிகளில் ஓடிய நொட்டேட்டர், ஒலிப்பதிவையும் இசைத்தாளையும் ஒரே நிரலில் கொண்டிருந்தது. அதன் வழிவந்த லாஜிக் என்ற மென்பொருளில் இசைத்தாள் காட்சிக்கென்றே தனி அமைப்புகள் உண்டு. காட்சிக்கான சீராக்கல் தாளில் தெரியும் வடிவத்தை மட்டும் ஒழுங்காக்கும். ஒலி வாசித்தபடியே இருக்கும். சிறு ஓய்வுகளை மறைத்துச் சுரத்தை அடுத்த அடி வரை நீட்டிக் காட்டும் அமைப்பும் அதில் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்த சுரங்களைப் படியாதவை போலக் காட்டவும், அடிக்கு இடையில் விழும் சுரங்களைப் பிணைக்காமல் ஒரே சுரமாகக் காட்டவும் வெவ்வேறு அமைப்புகள் இருக்கின்றன.

இங்கே ஒரு முக்கியமான ஒப்புதல் இருக்கிறது. எழுத்தும் ஒலியும் வேறு. இரண்டையும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும் என்பதை மென்பொருள் ஏற்றுக்கொண்டது. ஐகாரம் குறுகி ஒலித்தாலும் எழுத்தில் ஐகாரமாகவே நிற்பது போலத்தான் இது. ஜாஸ் இசையில் இரண்டு சமமான அரைக்கால் சுரங்களை எழுதி, முதலாவதை நீட்டியும் இரண்டாவதைக் குறுக்கியும் வாசிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் புள்ளியிட்ட சுரத்தைப் பல இடங்களில் எழுதியதைவிட நீட்டி வாசிக்கும் வழக்கம் இருந்தது. லியோபோல்ட் மோட்சார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் நூலில் இதற்கு இரட்டைப் புள்ளியைப் பரிந்துரைத்தார். எழுத்து ஒலியின் முழு அளவுகோலாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒரே நீளம், வெவ்வேறு எழுத்து

நேரத்தைச் சரியாகச் சீராக்கிய பின்னும் வேலை முடிவதில்லை. நான்கு அரைக்கால் சுரங்களின் நீளமுள்ள ஓர் ஒலியை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 960 நுண்பகுதிகள். 3/4 தாளத்தின் தொடக்கத்தில் வந்தால் அதை ஓர் அரைச் சுரமாக எழுதினால் போதும். 6/8 தாளத்தில் ஒரு சுற்றின் மொத்த நீளம் அதே 1440 நுண்பகுதிகள்தான். ஆனால் அங்கே அடி மூன்று மூன்று அரைக்கால்களாக விழுகிறது. ஆகவே புள்ளியிட்ட கால் சுரத்தை எழுதி, அதை ஓர் அரைக்கால் சுரத்தோடு பிணைக்க வேண்டும். இரண்டாம் அடி எங்கே விழுகிறது என்பது அப்போதுதான் வாசிப்பவர் கண்ணில் படும்.

4/4 தாளத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. சுற்றின் நடுப்பகுதி தெரியும்படி எழுத வேண்டும். இரண்டாம் அடியின் பாதியில் தொடங்கும் ஒரு கால் சுரம் நடுவைத் தாண்டிப் போகும். அதைப் பெரும்பாலும் இரண்டு அரைக்கால் சுரங்களாகப் பிரித்து வளைகோட்டால் பிணைப்பார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றே. முதல் பார்வையில் வாசிக்க வேண்டிய வாத்தியக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல.

மூன்று, ஐந்து, ஏழாகப் பிரியும் சுரங்கள் மற்றொரு சோதனை. 480ஐ மூன்றால் வகுத்தால் 160, ஐந்தால் வகுத்தால் 96. ஏழால் வகுத்தால் மீதி வருகிறது. ஃபினாலே என்ற மென்பொருள் கால் சுரத்துக்கு 1024 என்ற அளவை வைத்திருந்தது. பாதி பாதியாக வகுக்க அது மிக வசதி. மூன்றால் வகுத்தால் மீதி வரும். எனவே மும்மைச் சுரங்களை நீளத்தால் மட்டும் அடையாளம் காண இயலாது. 'மூன்று சுரங்கள் இரண்டின் நேரத்தில்' என்ற செய்தியையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும். லில்லிபாண்ட் என்ற மென்பொருள் கால அளவைப் பின்னமாகவே கணக்கிட்டு இந்தத் தொல்லையைத் தவிர்த்தது.

பல மென்பொருள்கள், பல விடைகள்

1988இல் ஃபில் ஃபாரண்ட் உருவாக்கிய ஃபினாலே வெளிவந்தது. இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரர்கள் பென் ஃபின், ஜானதன் ஃபின் உருவாக்கிய சிபீலியஸ் 1993இல் ஏகார்ன் கணினிகளுக்கு வந்து, 1998இல் விண்டோஸுக்குப் பரவியது. இவற்றில் வாசித்து எழுதவும் வழியுண்டு. ஆனால் அன்றாடப் பயனில் பெரும்பாலோர் நாடியது படிப்படியாக எழுதும் முறையை: முதலில் கால அளவைத் தேர்ந்தெடுத்து, பிறகு சுரத்தை இடுவது. ஊகிக்கும் சுமை இதனால் மென்பொருளை விட்டு நீங்கியது. விசைகளில் ஒருமைப்பாடு மட்டும் வரவில்லை. கால் சுரத்துக்குச் சிபீலியஸில் 4, மியூஸ்ஸ்கோரில் 5, டோரிகோவில் 6 என்ற எண் விசையை அழுத்த வேண்டும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நியென்ஹய்ஸ், யான் நியூவென்ஹய்சன் ஆகிய இருவர் 1996இல் லில்லிபாண்டைத் தொடங்கினர். பழைய செதுக்குத் தாள்களின் அழகை மீட்பது அவர்களின் நோக்கம். அதில் இசையைச் சொற்கோப்பாக எழுத வேண்டும். சுரத்தின் பெயரை அடுத்து 4 எழுதினால் கால் சுரம், 8 எழுதினால் அரைக்கால், எண்ணுக்குப் பின் புள்ளி வைத்தால் புள்ளியிட்ட சுரம். எழுதியவர் சொன்ன வடிவமே தாளில் வரும். சுற்றின் எல்லையைத் தாண்டும் சுரத்தை அது வழக்கமாகப் பிரிப்பதில்லை. பிரிக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள கருவியை நாமே இயக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளான மியூஸ்ஸ்கோர், 2002இல் மற்றொரு நிரலிலிருந்து பிரிந்து வளர்ந்தது. விலையில்லாமல் கிடைப்பதால் இன்று மாணவர்களிடம் பரவியிருக்கிறது.

2012இல் சிபீலியஸின் இலண்டன் அலுவலகம் மூடப்பட்டது. அங்கிருந்த குழுவினர் பலர் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் சேர்ந்து, 2016இல் டோரிகோவை வெளியிட்டனர். இதில் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பதே மூலச் செய்தி. அரைச் சுரமா, பிணைத்த இரண்டு சுரங்களா என்பதைத் தாளத்தைப் பார்த்து மென்பொருள் முடிவு செய்யும். 3/4 என்பதை 6/8 என்று மாற்றினால், மேலே சொன்ன அரைச் சுரம் தானாகப் பிணைப்புச் சுரமாக மாறி எழுதப்படும். இந்த வடிவம்தான் வேண்டும் என்று எழுதுபவர் கட்டாயப்படுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி இருப்பது தற்செயலல்ல. செதுக்குவோரின் விதிகளை எவ்வளவு நுட்பமாகக் கற்பித்தாலும், இசையமைப்பாளர் வேண்டுமென்றே விதியை மீறும் இடங்கள் இருக்கும்.

இரண்டு செய்திகளையும் சேமித்தல்

ஒரு மென்பொருளில் எழுதியதை மற்றொன்றில் திறக்க 2004இல் மைக்கேல் குட் உருவாக்கிய மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் வந்தது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் கால அளவு பற்றி இரண்டு தனித்தனிப் பதிவுகள் இடம்பெறும். ஒன்று அது எத்தனை பகுதி நேரம் நீள்கிறது என்ற எண். மற்றொன்று அது கால் சுரமா அரைக்கால் சுரமா என்ற எழுத்து வடிவம். புள்ளிக்கும் தனிப் பதிவு உண்டு. பிணைப்புக்குக்கூட ஒலிக்கு ஒரு குறி, கண்ணுக்கு ஒரு குறி என இரண்டு உண்டு. முதலில் பார்ப்பவருக்கு இது தேவையற்ற இரட்டிப்பாகத் தோன்றும். மேலே கண்ட வரலாற்றை அறிந்தவருக்கு இதன் காரணம் விளங்கும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எம்ஈஐ என்ற வடிவமும் எழுதிய அளவையும் ஒலிக்கும் அளவையும் வேறுபடுத்துகிறது.

இதன் பயன் அண்மையில் கண்கூடானது. ஃபினாலேயை வெளியிட்டுவந்த மேக்மியூசிக் நிறுவனம், அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தது. 35 ஆண்டுகளில் அந்த வடிவில் எழுதப்பட்ட இசை ஏராளம். பழைய கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றிக்கொண்டால் எழுத்து வடிவம் பெரும்பாலும் பிழைக்கும். மிடியாக மட்டும் மாற்றி வைத்தால் ஒலி பிழைக்கும். எந்தச் சுரத்தை எப்படி எழுதினார்கள் என்ற செய்தி போய்விடும். தம் இசையைக் கணினியில் சேமிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

கர்நாடக இசைக் குறியீட்டோடு தொடர்பு

1890களின் தொடக்கத்தில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை மேலை இசைக் குறியீட்டில் வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டு, கமகங்களுக்கும் தனிக் குறிகள் தந்தார். இன்று வழக்கிலுள்ள முறையில், 'ரி' ஓர் அட்சரம், 'ரீ' இரண்டு அட்சரம். காற்புள்ளி ஓர் அட்சரமும் அரைப்புள்ளி இரண்டு அட்சரமும் நீட்டும். மேலே ஒரு கோடு இட்டால் வேகம் இரட்டிக்கும். மேலை முறையைப் போல இங்கும் எழுத்தின் வடிவமே காலத்தைச் சொல்கிறது.

கர்நாடக இசை வாசிப்பைக் கணினி எழுத முயலும்போது அதே பழைய சிக்கல் இன்னும் கூர்மையாக எழும். கமகத்தோடு வரும் ஒரு 'ரீ' பல உயரங்களைத் தொட்டு அசைகிறது. அசைவுகளை எல்லாம் தனித்தனிச் சுரங்களாக எடுத்துக்கொண்டால் தாளில் சிறு சுரங்களின் கூட்டமே தெரியும். ஆசிரியர் எழுதுவது 'ரீ' என்ற ஓர் எழுத்து. எப்படி அசைப்பது என்பதை மாணவர் பாடிக் கற்கிறார். எதை எழுதுவது, எதை வாய்மொழிக்கு விடுவது என்ற தேர்வு இதில் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

கணினி இசைத்தாளின் வரலாற்றில் மென்பொருள்கள் படிப்படியாகக் கற்றுக்கொண்டது நேரத்தை அளப்பதை அன்று; அதை அவை தொடக்கத்திலிருந்தே நன்றாகச் செய்தன. அளந்தவற்றுள் எதைக் காட்டுவது, எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதையே கற்றுக்கொண்டன. திரையில் புள்ளிகளும் பிணைப்புகளும் நெருங்கித் தெரிந்தால், மாணவர் தம் வாசிப்பைக் குறைசொல்லும் முன் இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம்: காட்ட வேண்டிய மிகச் சிறிய சுரம் எதுவாக அமைக்கப்பட்டுள்ளது, தாளம் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா. அவை சரியாக இருந்தும் தாள் குழப்பமாக இருந்தால், சுரத்தை உரிய வடிவில் தாமே திருத்தி எழுத வேண்டும். இன்றைய இசை எழுதும் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அதற்கு இடமுண்டு.